நிறுத்திய என்ஜின்

படகின் என்ஜின்காரன் ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்திருந்தான்.

டக். டக். டக்.

பேரிங் போய்விட்டது என்று நினைத்தான். கரை கிட்டத்தில் இல்லை. என்ஜினை நிறுத்தினான்.

சத்தம் நிற்கவில்லை.

படகின் அடிப்பலகையிலிருந்து வந்தது. தண்ணீருக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல.

மேலே ஏறினான்.

வலை இழுப்பதை விட்டுவிட்டு எல்லாரும் நின்றார்கள். படகை ஒட்டி, வலைக்குள், ஒரு திமிங்கலக் குட்டி. வாலில் கயிறு இறுகியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் முண்டி மேலே வந்தது.

சுற்றிலும் பெரிய திமிங்கலங்கள். பெட்டி போலத் தலைகள்; தட்டும் சத்தம் அவற்றிலிருந்துதான். படகும் அந்த வட்டத்துக்குள்தான் கிடந்தது.

ஒன்று மட்டும் நெருங்கி வந்தது. முதுகில் பழைய குழி. ஒரு கை முட்டி உள்ளே போகும்.

"ஈட்டி வாங்குனது," என்றார் எல்லாரிலும் மூத்த சூசையண்ணன். "எண்ணெய்க்காவக் கப்பல் கப்பலா வந்து குத்துனானுவ. இதுவளே இல்லாம ஆச்சு. இம்புட்டையும் ஒண்ணா நான் பாத்ததில்ல."

"அப்ப இதுக்கும் உமக்க வயசு இருக்கும்," என்றான் வலைக்காரன் ஒருவன்.

யாரும் சிரிக்கவில்லை.

படகை நடத்தும் கில்டாஸ் குரலைத் தாழ்த்தினார். "வலைய அறுத்து விடுங்க. லேய், நீ என்ஜினப் போடு."

"வலையோட விட்டா குட்டி தாந்துரும்," என்றான் என்ஜின்காரன்.

"நாம தாந்தா பரவாயில்லியா?"

"என்ஜின நிறுத்துனப் பொறவுதாம்ணே அந்தப் பெருசு கிட்ட வந்துது," என்றான். "போட்டா என்ன செய்யும்னு தெரியாது."

மூங்கில் நுனியில் கத்தியைக் கட்டினான். விளிம்பில் குப்புறப் படுத்தான். சூசையண்ணன் அவன் கால்கள் மேல் உட்கார்ந்துகொண்டார்.

கயிறு வழுக்கியது. கத்தி குட்டியின் தோலில் இறங்கியது.

நூல் போல ரத்தம்.

தட்டும் சத்தம் நின்றது.

முதுகில் குழி விழுந்த திமிங்கலம் ஒருக்களித்துத் திரும்பியது. சின்னக் கண். அவன் முகத்துக்கு நேரே.

கத்தியைக் கயிற்றுக்கு அடியில் கொடுத்து இன்னொரு முறை இழுத்தான்.

கயிறு தெறித்தது. குட்டி முங்கியது.

தண்ணீர் மட்டும் தெரிந்தது.

பிறகு, பெரியவற்றின் நடுவில், சின்னதாக ஒரு மூச்சு பீய்ச்சியடித்தது.

வட்டம் மெல்லக் கலைந்தது. திமிங்கலங்கள் மறுபடி அந்தத் தட்டும் சத்தத்தை எழுப்பத் தொடங்கின.

அதற்குள் காற்று ஏறியிருந்தது. ஓட்டமில்லாத படகு அலைக்குப் பக்கம் காட்டிக் கிடந்தது. ஐஸ் பெட்டி ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது.

"இப்பமாவது போடுல," என்றார் கில்டாஸ்.

கீழே இறங்கினான். ஒரு கை சுவிட்சில். மறு கையால் ஸ்க்ரூடிரைவரைப் பலகையில் ஊன்றிக் காதை வைத்தான்.

டக். டக்.

தள்ளி.

இன்னும் தள்ளி.

அடுத்த அலையில் படகு சாய்ந்தது. மேலே பாத்திரங்கள் உருண்டன. யாரோ மாதாவைக் கூப்பிட்டார்கள்.

"அதுவ போச்சால?" என்று கில்டாஸ் மேலேயிருந்து கேட்டார்.

பலகையில் சத்தம் தேய்ந்து நின்றிருந்தது. குட்டிக்கு இன்னும் கொஞ்சம் தூரம் வேண்டும் என்று சுவிட்சிலிருந்து கையை எடுத்தான்.

"போகல்லண்ணே," என்றான். "கொஞ்சம் பொறுங்க."