நிரூபாவின் லீவுக்காசு

எந்தக் கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்திக் கேட்டாலும் சரி, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

சிட்னியின் செவன் ஹில்ஸில் நித்தியானந்தனின் கராஜுக்குள் செந்தூரனும் மனைவி நிரூபாவும் உட்கார்ந்திருந்தார்கள். வரிக்கணக்குப் போட வந்தவர்கள்.

கணக்குப் போடுகிற நித்தியானந்தனுக்குத் தொண்டை பெரிது. அவர் காதோடு காதாகச் சொன்ன இரகசியத்தை நின்று கேட்டு, அடுத்த ஊரான பிளாக்டவுன் ஸ்ரேஷனில் இரண்டு பேர் ரயிலைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

நிரூபா நேர்மாறு. ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த நாள் தொட்டு அவள் வாய் திறக்கவில்லை. வீட்டில் கதைத்தது வாஷிங் மெஷின் ஒன்றுதான். மனிசக் குரல் கேட்கும் ஆசையில் செந்தூரன் காரில் ஜிபிஎஸ்ஸைப் போட்டுக்கொண்டு தன் வீட்டுத் தெருவையே சுற்றிச் சுற்றி ஓடினான். அவள் ஒரு சொல் சொன்னால் போதும் என்று அவன் நேர்ந்து வைத்த தேங்காய்களுக்கு ஒரு லொறி பிடிக்க வேண்டும்.

கையெழுத்து வேண்டும் என்பதால்தான் இன்றைக்கு அவளையும் கூட்டி வந்திருந்தான்.

“தங்கச்சிக்குப் பிள்ளைப்பேற்று லீவுக்காசு வந்திருக்கு. அதுவும் வருமானம்தான், அதையும் காட்ட வேணும்,” என்றார் நித்தியானந்தன், கணினித் திரையைப் பார்த்தபடி.

“அரசாங்கம் தந்ததுக்கும் வரியோ அண்ணை?”

“ஒரு கையால பாலைப் பருக்கி மற்றக் கையால சங்கைப் பறிக்கிறது, தம்பி.” அவரே சிரித்தார். “சரி, என்ன பிள்ளை? இப்ப என்ன செய்யுது?”

செந்தூரன் வாயைத் திறந்தான்.

“மகள்,” என்றாள் நிரூபா.

செந்தூரன் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அணை உடைந்தது. பிள்ளை பெற்ற துடக்குக் கழிய முன்பே குப்புறப் பிரண்டாளாம். முரசில் இரண்டு பல்லாம். யன்னலுக்கு வரும் மக்பைக் குருவியை அதட்டிக் கலைப்பாளாம். மிளகாய் வறுத்தால் தாளம் தப்பாமல் தும்முவாளாம். வேலையால் வரும் தகப்பனில் டீசல் மணம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவன் குளித்துவிட்டு வந்தால்தான் மடிக்கு ஏறுவாளாம்.

“பொய்யெண்டால் இவரைக் கேளுங்கோ.”

செந்தூரன் நிலத்தைப் பார்த்தான். மறித்தால் இந்தக் குரல் திரும்பவும் போய்விடும்.

“ஓம் அண்ணை,” என்றான். “சரியான வாய்க்காரி.”

நிரூபா அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

“அப்ப பிள்ளைகள் ஒண்டு,” என்று தட்டினார் நித்தியானந்தன்.

அவருடைய மனைவி தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட, நிரூபா கதைத்தபடியே குசினிக்குப் போனாள்.

செந்தூரன் மேசைக்கு மேலால் குனிந்தான். “அண்ணை, அந்த ஒண்டைப் பூச்சியமாக்கி விடுங்கோ. லீவுக்காசு அப்பிடியே இருக்கட்டும்.”

“ரெண்டும் ஒத்து வராதே, தம்பி. காசு வந்தால் பிள்ளை...”

நித்தியானந்தன் செந்தூரனின் முகத்தைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு வசனத்தை முடிக்காமல் விட்டார்.

குசினியிலிருந்து, மகள் நடக்கத் தொடங்கிவிட்ட செய்தி கேட்டது.

இந்த நாட்டில், உயிரில்லாமல் பிறந்த பிள்ளைக்கும் லீவுக்காசு உண்டு. அதற்கும் வரி உண்டு.