மறைந்திருந்த மூலை

கைபேசித் திரையில், வியாபாரி அனுப்பிய வீடியோவில், இடுக்கி பிடித்திருக்கும் எமரால்டு கட் வைரம் மெல்லத் திரும்புகிறது. நீள்சதுரக் கல், ஓரங்களில் ஒளி படிக்கட்டுபோல் இறங்க, நடுவில் மட்டும் ஒரு கருப்புத் திட்டு. தம்பிக்கு நிச்சயித்த பெண்ணின் மோதிரத்துக்கான கல் இது. பதித்துவிட்டால் திருப்பித் தர முடியாது. அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை மூக்கருகே கொண்டுவருகிறாள். "அழுக்குக் கல்ல நம்ம தலையில கட்டப் பாக்குறான்டா." "நீ காய்கறிக்காரரையே நம்பமாட்டியே," என்கிறான் தம்பி. ஆனால் அவன் குரலிலும் சந்தேகம் இருக்கிறது. ஸ்பீக்கரில் வியாபாரியை அழைத்துக் கேட்கிறான். "அது வீடியோ எடுத்த என் போனோட நிழல் சார். இந்த வெட்டு கண்ணாடி மாதிரி, எதிர்ல இருக்கறதக் காட்டிடும்." "எல்லாத்துக்கும் ஒரு கதை வச்சிருக்கான்," என்று அக்கா முணுமுணுக்கிறாள். சற்று நேரத்தில் இன்னொரு வீடியோ வருகிறது. லென்ஸை மட்டும் விட்டுவிட்டுப் போனை வெள்ளைத் தாளால் மறைத்து எடுத்திருக்கிறார்; நடுக்கருப்பு போய்விட்டது. இருவரும் மூச்சுவிடுவதற்குள் இடுக்கி கல்லைக் கீழே வைக்கிறது. இதுவரை அது பிடித்திருந்த மூலையை ஓர் ஊசிமுனை தொட்டுக் காட்டுகிறது. "இங்க ஒரு சின்னப் புள்ளி இருக்கு சார், இடுக்கியில மறைஞ்சுடுச்சு. பக்கத்துல பேசினாங்களே, அந்த அம்மாவுக்கும் காட்டிடுங்க." அக்காவின் முகம் சிவக்கிறது. கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொள்கிறாள். "இதையே எடுத்துக்கடா," என்கிறாள், அந்தப் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.