படம் வராத டிவி

“பழைய டிவி. சின்னக் கண்ணாடி. படம் வராது. ஆயிரத்து இருநூறு பவுண்டு.”

இணையச் சந்தையில் அந்த விளம்பரத்தைப் பார்த்ததும் சப்ரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அது டிவி இல்லை. மின்சாரத்தின் துடிப்பைப் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப். 1957-இல் ஜெர்மனியில் செய்தது. எகிப்துக்கு வந்ததே மூன்றுதான். விலைமதிக்க முடியாத பொருளுக்கு யாரோ இரண்டரைக் கிலோ இறைச்சியின் விலையைப் போட்டிருந்தார்கள்.

பழைய கருவிகள் சேர்க்கும் இந்தக் கூட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவன் தேடும் பொருள் இன்னொருவன் கண்ணில் பட்டால், தேடுகிறவனுக்குத்தான் முதல் போன். இந்தக் கருவியை சப்ரியின் நண்பர் வாஸிஃப் முப்பது வருடமாகத் தேடுவது கெய்ரோவின் காயலான் கடை எலிகளுக்குக்கூடத் தெரியும்.

சப்ரி போனை எடுத்தார். யோசித்தார். வாஸிஃப் அடுத்த மாதம் மகனோடு இருக்கக் கனடாவுக்கு, மொன்றியலுக்குப் போகிறான். முப்பது கிலோ இரும்பை விமானத்திலா ஏற்றப்போகிறான்? மனச்சாட்சியோடு பேரம் அத்தோடு படிந்தது. போனை வைத்துவிட்டார்.

அவசரம் காட்டினால் விலை ஏறும் என்று மூன்று நாள் பொறுத்தார். இடையில் ஒரு சாயங்காலம் காப்பிக்கடையில் பகடையை உருட்டியபடி வாஸிஃப் கேட்டார்: “என்னடா, சந்தையில புதுசா எதாவது கண்ணுல பட்டுதா?”

“எங்கடா! எல்லாம் குப்பை. நீ காயை நகர்த்து.”

நாலாம் நாள் ஷுப்ரா பகுதியில் விளம்பரம் கொடுத்தவரின் வீட்டுக் கதவைத் திறந்தவள் முப்பது வயதுப் பெண். கருவி மேஜைமேல் இருந்தது; பக்கத்தில் அவருக்கு ஒரு டீ வைத்தாள். சப்ரி முகத்தில் ஒரு சலிப்பை வரவழைத்துக்கொண்டார்.

“மேடம், இதுல எந்தச் சேனல் பாத்தீங்க?”

“எனக்கென்ன தெரியும், பாஷா?” என்றாள் மரியாதையாக. “ பட்டனைப் போட்டா பச்சையா ஒரு கோடு வருது. நானும் தட்டித் தட்டிப் பாத்துட்டேன், ஒரு பாட்டுகூட வரல.”

“கோடுதான் வரும். உள்ள எல்லாம் செத்துப்போச்சு. பழைய சாமான் வண்டிக்காரன்கூட ஏத்த மாட்டான். எழுநூறு தர்றேன்.”

“எழுநூறா! இரும்புக் கனத்துக்கே ஆயிரம் வரும்!”

“அப்ப இரும்புக்காரனையே கூப்பிடுங்க. நான் டீயைக் குடிச்சிட்டுக் கெளம்பறேன்.”

அவள் சிரித்தாள். பின்மூடியைக் கழற்றி, மின்சாரத்தைப் போட்டாள். உள்ளே குழல்கள் செம்மஞ்சளாக ஒளிர்ந்தன. “இங்க பாருங்க, எத்தனை கண்ணாடிக் குமிழ்! ஒண்ணுக்கு இருபது பவுண்டு வெச்சாக்கூட எங்க போய் நிக்குது?” என்று வலக்கை விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினாள். இடக்கை ஜாக்கெட் பைக்குள் இருந்தது. சப்ரியின் கண் குழல்களை விட்டு நகரவில்லை.

“தொள்ளாயிரம். அல்லாஹ் மேல சத்தியமா, எனக்கு நஷ்டம்தான். உங்க முகத்துக்காக.”

“என் முகத்துக்கு இவ்வளவாவது விலை இருக்கே! எடுத்துக்குங்க பாஷா.”

வீட்டுக்கு வந்ததும் சப்ரி கதவைத் தாழிட்டார். மூடியைத் திறந்து மின்சாரம் கொடுத்தார். இடக்கை தானாகப் பேன்ட் பைக்குள் போனது. உயர் மின்னழுத்தத்தோடு பழகியவர்களின் பழக்கம் அது. ஒரு கை பையில் இருந்தால் ஷாக் அடித்தாலும் நெஞ்சைக் கடந்து போகாது. பச்சைக் கோடு நூல் பிடித்தாற்போல் நின்றது. சப்ரிக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் உள்தகட்டில் பென்சில் எழுத்து தெரிந்தது. பழுதுபார்த்தவன் தேதியும் பெயரும் எழுதிவைப்பது வழக்கம்தானே. ‘மின்தேக்கிகள் எல்லாம் புதிது. வாஸிஃப் ஹபீப்.’ தேதி, போன வருடம்.

சப்ரிக்கு ரத்தம் தலைக்கேறியது. தான் மூன்று நாள் மறைத்தது மறந்துபோய், அவன் ஒரு வருடம் மறைத்தது சுட்டது. போனைப் போட்டார்.

“துரோகி! பொருள் கெடச்சும் ஒரு வருஷமா என்கிட்ட மூச்சு விடலயே! இருபது வருஷம் உன்கூட ஒரே தட்டுல தின்ன பாவத்துக்கு இதாடா கூலி? காட்டாம ஒளிச்சு வெச்சு, கடைசியில எவளோ ஒருத்திக்கு வித்தும் தொலைச்சிருக்க!”



“யாருக்கும் விக்கலடா. அவ என் அக்கா பொண்ணு இரீனி. ரேடியோ நிலையத்துல இஞ்சினியர்.”

சப்ரி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என் சாமானை எல்லாம் சப்ரிக்குக் குடுத்துட்டுப் போறேன்னு சொன்னேன். இதைக் கடைசியாக் காட்டி உன்னை அசத்தணும்னுதான் ஒளிச்சு வெச்சேன். அவதான், ‘மாமா, அந்த ஆளு ஒரு பெட்டிக்கு உங்களை வித்துடுவாரு, பந்தயமா?’ன்னா. நான் அவளைத் திட்டினேன். விளம்பரம் போட்ட நிமிஷம் என் போன் அடிக்கும்னு சத்தியம் பண்ணினேன். மூணு நாள் குளிக்கப் போனாக்கூட போனைக் கையிலயே வெச்சிருந்தேன்டா.”

“வாஸிஃப், நான் சொல்ல வந்தது...”

“உனக்குன்னு நாப்பத்திரண்டு கருவி துடைச்சு வெச்சிருந்தேன். ஒண்ணை நீ காசு குடுத்து வாங்கிட்ட. மீதி நாப்பத்தொண்ணு பந்தயத்துல இரீனிக்குப் போயிடுச்சு.”