அரிசி டிரம்முக்குள் வைஃபை

வைஃபை பெட்டியை அரிசி டிரம்முக்குள் அமுக்கி மூடிய பிறகுதான் அழகிக்கு மூச்சே வந்தது. கறம்பக்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டார்கள். கடவுளே, இந்த இடமாவது கைகூட வேண்டும்!

மகள் மோகனப்ரியா ஏற்கெனவே மூன்று வரன்களைத் தட்டிக்கழித்தவள். எம்.எஸ்சி. முடித்ததிலிருந்து அவளுக்கு இணையமே கதி. ஓசியில் ஜெர்மன் வகுப்பு, வெளிநாட்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள், ஸ்காலர்ஷிப் தேடித் தரும் தளங்கள் என்று நாள் முழுக்க அதிலேயே கிடப்பாள். பொன்னமராவதியில் அவர்கள் தெருவில் அவள் சிம்முக்கு டவரும் எடுக்காது. பெட்டியை ஒளித்துவிட்டால் பெண் தானாக வழிக்கு வருவாள் என்பது அழகியின் கணக்கு.

"நெட்டு வரலையேம்மா?"

"ரிப்பேராம். நாளைக்குத்தான் ஆள் வருவாங்களாம். நீ போயி சேலையக் கட்டு."

சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், மோகனப்ரியா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாப்பிள்ளை எந்த சிம்மு வச்சிருக்காரு?" என்று கேட்டாள்.

"அத அவரையே கேளேன்டி!" அழகிக்குப் பூரிப்பு தாளவில்லை. முகம் பார்க்கும் முன்பே போனில் பேசும் ஆசை வந்துவிட்டதே!

வந்தவர்களுக்குக் காபி கொடுத்த கையோடு, "அவரோட கொஞ்சம் தனியாப் பேசணும்" என்று மகளே வாய்விட்டுக் கேட்டாள். மாப்பிள்ளை செம்மல் வெட்கத்தோடு அவள் பின்னால் மாடி ஏறினான்.

அரை மணி நேரமாகியும் இருவரும் இறங்கவில்லை. முறுக்குத் தட்டோடு பாதிப் படி ஏறிய அழகி காதைத் தீட்டிக்கொண்டாள். மகள் கலகலவென்று இங்கிலீஷில் பொழிந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளையிடமிருந்து சத்தமே இல்லை.

'படிச்ச பிள்ளைக, இங்கிலீஷ்லதான் பேசும். தங்கமான மாப்பிள்ளை, இப்பவே கேட்டுக்கப் பழகிட்டாரு!' அழகி வந்த சுவடு தெரியாமல் இறங்கிவிட்டாள்.

ஒருவழியாக இருவரும் சிரித்த முகமாக வந்தார்கள். மோகனப்ரியா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்று அழகிக்குக் கண் கலங்கியது.

"பொண்ணு மொகமே சொல்லுதே! நிச்சயத்த எப்ப வச்சுக்கலாம்?" என்றார் செம்மலின் அம்மா.

"ரெண்டு வருசம் கழிச்சு வச்சுக்கலாம்மா" என்றான் செம்மல்.

"என்னடா சொல்றே?"

"ஜெர்மனி காலேஜ்காரங்க இப்பத்தான் அவுங்கள இன்டர்வியூ பண்ணி எடுத்துக்கிட்டாங்க... என் போன் நெட்டுல!"