காடிக்கு இரண்டு பேர்

“எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு.”

அக்கா கேட்டாள், தங்கை சொன்னாள். இன்றைய பேச்சு இவ்வளவுதான். நேற்றும் இவ்வளவுதான்.

மேசை ரம்பத்தின் பிளக் தங்கையின் ஏப்ரன் பைக்குள் இருந்தது. அக்கா குனிந்து ரம்பத்துக்குள் கையை விட்டாள்.

அந்தத் தச்சுப் பட்டறையின் சட்டம் அது. சாதாரண பிளேடு மாற்றுவது இரண்டு நிமிட வேலை, யாரும் தனியாகவே செய்துகொள்ளலாம். காடி, அதாவது தட்டைச் செருகுவதற்கான பள்ளம், வெட்டும் பிளேடு அப்படி இல்லை. அது ஒன்றல்ல, ஒரு கூட்டம். வெளியே இரண்டு பிளேடு, நடுவே பல் வைத்த நாலு தகடு, இடையிடையே காகிதம் போல வாஷர். ஒவ்வொன்றாகத் தண்டில் கோக்க வேண்டும். அத்தனை நேரமும் ஒருத்தியின் கை உள்ளே இருக்கும். பிளக் மற்றவள் பையில் இருக்கும்.

பட்டறை ஆரம்பித்த புதிதில் ஒருநாள், அக்காவின் கை உள்ளே இருக்கும்போது தங்கையின் இடுப்பு சுவிட்சில் இடித்துவிட்டது. நல்லவேளை, அந்த நேரம் பார்த்துக் கரண்ட் இல்லை. இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்ததும் போட்ட சட்டம்தான் இது. கேட்காமல் கை உள்ளே போகக் கூடாது. பதில் வராமலும் போகக் கூடாது.

முன்பெல்லாம் தங்கை “எடுத்தாச்சுக்கா” என்பாள். ஒன்றரை மாதமாக அந்த ‘க்கா’ இல்லை.

காரணம் ஆறு கதவுகள். அலமாரிக் கதவுகள் ஆறையும் தங்கை ஓர் அங்குலம் குட்டையாக வெட்டிவிட்டாள். நீல வண்ணம் பூசிக் காய்ந்த பிறகுதான் அது தெரிந்தது. அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். “நீ இல்லாட்டியும் இந்தப் பட்டறை ஓடும்” என்றாள். தனியாகச் சொல்லியிருந்தால்கூடப் போகிறதென்று விட்டிருக்கலாம். ஆர்டர் கொடுத்தவர் எதிரிலேயே சொன்னாள்.

தங்கை அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை, ஒரு படி இறங்கி வரவில்லை. மதியமானால் பசை டப்பாவைப் பார்த்து, சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவாள். பசை டப்பா என்ன செய்யும், பாவம்.

பிளக்கோடு தங்கையின் பையில் ஒரு கடிதமும் இருந்தது. ஊரின் அந்தக் கோடியில் நாற்காலித் தொழிற்சாலை. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். நான் இல்லாமல் ஓடட்டுமே, அதையும் பார்க்கிறேன் என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள். இன்று சாயங்காலம் சொல்லிவிடுவதாக உத்தேசம். அக்காவிடமா, பசை டப்பாவிடமா என்பதுதான் முடிவாகவில்லை.

அக்கா முதல் பிளேடைக் கோத்தாள். அடுத்து ஒரு தகடு. பல்லோடு பல் இடிக்காமல் சற்றுத் திருப்பி வைத்தாள். அவளுக்கு எதிலும் அவசரம் கிடையாது. நாக்கு ஒன்றில்தான் அவசரம்.

ஒன்றரை மாதமாகத் தினமும் காடிதான். காலையில் மாட்டுவாள். தங்கை பிளக்கைச் செருகிவிட்டு வண்ணம் பூசும் அறைக்குப் போய்விடுவாள். அக்கா தனியாக நின்று பலகைகளைத் தள்ளுவாள். ரம்பம் முழுதாக நின்ற பிறகு மேசையைத் தட்டிக் கூப்பிடுவாள். மறுபடி கேள்வி, பதில். எல்லாம் கழன்று வரும்.

போவதற்குள் இன்னும் எத்தனை காடி பாக்கி என்று பார்த்துவிடலாம் என நினைத்தாள் தங்கை. அரைகுறையாக விட்டுப் போனாள் என்ற பேச்சு வரக் கூடாது. சுவரில் மாட்டியிருந்த அலமாரிப் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். அளவெடுப்பதும் படம் போடுவதும் அக்காவின் வேலை. சண்டைக்குப் பிறகு இவள் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பியதே இல்லை.

படத்தில் காடி இல்லை.

பக்கப் பலகையில் துளை, துளையில் சின்ன முளை, முளையின் மேல் தட்டு. அவ்வளவுதான். தட்டைச் செருகப் பள்ளமே வேண்டாம். அதற்கு முந்தைய ஆர்டரின் படமும் பக்கத்தில் தொங்கியது. அதிலும் முளைதான்.

அக்கா காலை மாற்றி ஊன்றினாள். மேசைக்கடியில் கிடந்த சாக்கு அவள் கால் பட்டு விலகியது.

சாக்குக்கு அடியில் பலகைத் துண்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் நாலைந்து காடி, அளவு பிசகாமல், உள்ளே சிராய்கூட இல்லாமல். எந்த அலமாரிக்கும் ஆகாத காடி. துண்டுகளின் ஓரத்தில் அந்த ஆறு கதவுகளின் நீல வண்ணம் இருந்தது.

அந்த ஒரு கேள்வி பதிலுக்காகத்தான் தினமும் இத்தனையும் என்று தங்கைக்குப் புரிந்தது. இப்படியும் ஒரு பிடிவாதம் உண்டா என்று எரிச்சலாகவும் வந்தது. “பேசுடி” என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள்?

அக்கா நட்டை இறுக்கினாள். நட்டைத் தாண்டித் தண்டின் மரை இரண்டு சுற்று வெளியே தெரிந்தது. கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். எங்கும் இடிக்கவில்லை. பிளேடைச் சுற்றி மேசையை மூடும் அகலமான வாய்த் தகட்டை மேலே பொருத்திவிட்டு, வழக்கம் போல இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கிக் காட்டினாள். பிளக்கைச் செருகலாம் என்று அர்த்தம்.

தங்கை செருகவில்லை. பைக்குள் பிளக்கின் முனை கடிதத்தைக் கசக்கிக்கொண்டிருந்தது. கசங்கட்டும் என்று விட்டாள்.

“நட்டு சரியா ஏறலைன்னு தோணுது. கழட்டிட்டு இன்னொரு தடவை மாட்டிப் பாரு.”

நட்டு நன்றாகத்தான் ஏறியிருந்தது. அது அக்காவுக்கும் தெரியும்.

அக்கா தூக்கிய கைகளை உடனே இறக்கவில்லை. தங்கையைப் பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தாள். காலால் சாக்கைப் பழைய இடத்துக்கே தள்ளினாள். வாய்த் தகட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள்.

பிளக் பையை விட்டு வெளியே வரவே இல்லை. வயர் அக்காவின் கண்ணெதிரேதான் தொங்கியது. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

“எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சுக்கா.”