செண்பகவல்லியிடம் நிற்கும் விண்ணப்பம்

பயிற்சி அறையில் நாலு பேர் இருந்தார்கள். ஜன்னலோரம் மேலாளர் தங்கப்பழம், அவருக்கு அடுத்து தபால் பிரிவு இருதயமேரி, கதவோரம் செண்பகவல்லி, முன்னால் கணினி சொல்லித்தர வந்த நவாஸ்.

இனி விடுப்பு கேட்பதெல்லாம் கணினியில்தான் என்று உத்தரவு. மகளுக்கு நாளை பிரசவ ஆபரேஷன் என்பதால், செண்பகவல்லி தன் முதல் பயிற்சியிலேயே நிஜ விடுப்பைக் கேட்டுவிட்டாள். "பழகுறதுக்கு எல்லா இடத்துலயும் உங்க பேரையே போடுங்க" என்று நவாஸ் சொல்லியிருந்ததால், ஒப்புதல் தருபவர் இடத்திலும் அவள் பெயரே இருந்தது. விண்ணப்பம் சுற்றி வந்து அவள் முன்னாலேயே நின்றது. 'சம்மதம்' என்பதை அழுத்தினாள். உங்கள் விடுப்புக்கு நீங்களே சம்மதிக்க முடியாது என்றது திரை.

"சார், நீங்களாவது விடுங்களேன்," என்றாள் மேலாளரிடம்.

"என்கிட்ட வரலையேம்மா. உங்ககிட்டல்ல நிக்குது."

"புதுசா ஒண்ணு போடுறேன்."

"பழசு முடியாம புதுசு ஏறாது மேடம்," என்றான் நவாஸ். "திங்கக்கிழமை வந்து சரி பண்றேன்."

"நல்ல ஆபீசர்க்கா நீ. கெஞ்சினாலும் இளக மாட்டேங்கிற," என்றாள் இருதயமேரி.

செண்பகவல்லி சிரிக்கவில்லை. தபாலில் வந்த கடிதத்துக்கு மேலாளர் அன்றைக்கே பதில் எழுதியாக வேண்டும். அந்த வழக்கத்தை இன்னும் யாரும் மாற்றவில்லை. வெள்ளைத்தாளில் விடுப்புக் கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டி நீட்டினாள். இருதயமேரி முத்திரை குத்தி, எண் போட்டு, பக்கத்தில் மேலாளரின் நாற்காலிக்கு அனுப்பினாள்.