மூன்றாம் அத்தியாயம்

மெலிய வேண்டுமென்று பட்டினி கிடந்து, செத்துப் பிழைத்தவள் பூங்கோதை. மீண்ட கதையைப் புத்தகமாகவும் போட்டாள். பட்டையாய் மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், எழுதியவளின் உடம்பு உணர்ந்ததெல்லாம் படிப்பவரின் உடம்புக்கும் வந்துவிடும் புத்தகம். ஊரே விழுந்து விழுந்து படித்து, கண்ணீரோடு நன்றி சொன்னது.

மகள் யாழிசை மட்டும் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டவேயில்லை. அம்மா பட்டினி கிடந்த காலம் அது.

இன்றும் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்; எதிரே தொடாத தோசை ஆறிக்கொண்டிருந்தது.

"கடைசி அத்தியாயத்தைப் போடுடி. நான் பொழச்சு வந்ததே அதுலதான்."

"அதுல வெறும் சாப்பாடுதாம்மா இருக்கு. இதுல நீ எவ்ளோ லேசா இருக்க!"

எங்கே தப்பாக எழுதினோம் என்று பார்க்க, பூங்கோதை பட்டையைப் பிடுங்கித் தன் கையில் கட்டினாள். உடம்பு பஞ்சாய் மிதந்தது.

"போதும், குடும்மா" என்று யாழிசை கை நீட்டினாள்.

பூங்கோதைக்குக் கழற்ற மனம் வரவில்லை.